ஆன்ட்ரப்ரனர்: பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல்லை அசை பிரித்து உச்சரிக்க முழுமையான வழிகாட்டி

தொழில்முனைவோரைக் குறிக்க ஆங்கிலம் பயன்படுத்தும் பிரெஞ்சுச் சொல்லில் 12 எழுத்துகள், நான்கு அசைகள். மேடையிலும் வகுப்பறையிலும் நேர்காணலிலும் அது என்டர்பிரனர், என்ட்ரபிரினியூர், ஆண்டர்ப்ரூனர், ஆண்ட்ரப்ரனர் என்று பல வேடங்களில் வருகிறது. வேடம் பலவானாலும் பிழைக்கு வேர் இரண்டுதான்.

முதலாவது, ஒற்றெழுத்து யாரோடு சேர்கிறது என்பது. தமிழில் ஒற்று எப்போதும் தனக்கு முந்தைய எழுத்தோடு ஒட்டும். ‘கற்றல்’ என்பதை கற்-றல் என்று பிரிப்போம். க-ற்றல் என்று யாரும் பிரிப்பதில்லை. ஆங்கிலத்தில் மெய்கள் முடிந்தவரை அடுத்து வரும் உயிரோடு ஓடும். ஆன்ட்ரப்ரனர் என்று தமிழில் எழுதியதுமே நம் கண் அதை ஆன்ட்-ரப்-ர-னர் என்று வெட்டிவிடுகிறது. அங்கேயே பாதிக் காரியம் கெட்டுப்போகிறது.

இரண்டாவது, எடை. தமிழில் சொல்லின் தொடக்கம் இயல்பாகவே சற்று ஓங்கி ஒலிக்கும். இந்தச் சொல்லின் எடையோ கடைசியில் இருக்கிறது.

இந்த இரண்டையும் திருத்திவிட்டால், தனித்தனி ஒலிகள் நூறு சதவீதம் அமையாவிட்டாலும் கேட்பவருக்குச் சொல் உடனே பிடிபடும். ஒலிகளை மட்டும் மெருகேற்றி இவற்றை விட்டுவிட்டால் பிடிபடாது. ஆகவே பயிற்சி நேரத்தில் பெரும்பங்கை வெட்டும் இடத்துக்கும் அழுத்தத்துக்கும் கொடுங்கள்.

இங்கே பயன்படுத்தும் குறியீடு

சிறுகோடு அசைகளைப் பிரிக்கிறது. ‘அஅ’ என்பது ஆ அல்ல. அ சொல்லும்போது வாய் எவ்வளவு திறக்கிறதோ அதைவிடக் குறைவாகத் திறந்து, நாக்கை வாயின் நடுவில் சும்மா கிடக்கவிட்டு, இரண்டு மாத்திரைக்கு நீட்டும் ஒலி அது. ஆங்கில எழுத்துகளை இ, என், டி, ஆர் என்று அவற்றின் பெயராலேயே சொல்கிறோம்.

முழுச் சொல் இப்படி: ஆன்-ட்ர-ப்ர-னஅ. அமெரிக்க முறையில் ஆன்-ட்ர-ப்ர-னஅர்.

படி 1: எழுத்துக்கூட்டைச் சரிசெய்தல்

உச்சரிப்புப் பிழையில் ஒரு பகுதி எழுத்துக்கூட்டிலிருந்தே கிளம்புகிறது. சொல்லை 2, 3, 3, 4 என்று அடுக்குங்கள்:

இ-என் / டி-ஆர்-இ / பி-ஆர்-இ / என்-இ-யூ-ஆர்

நடு அடுக்குகள் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை: ஒரு மெய், ஆர், இ. இதை மனத்தில் வைத்தால் ‘டி’க்குப் பிறகு ஆர் வருமா இ வருமா என்ற குழப்பம் தீர்ந்துவிடும். டி-இ-ஆர் என்று எழுதுபவர்கள் என்டர்பிரைஸ் என்ற சொல்லைப் பார்த்துப் பழகியவர்கள். கை எழுதியதை வாயும் பின்தொடர்ந்து ‘என்டர்’ என்று தொடங்கிவிடுகிறது. கடைசி அடுக்கில் இ முதலில், யூ பிறகு. இதை மாற்றி எழுதுவதும் பரவலான பிழைதான்.

இரண்டு சொற்களும் ஒரே பிரெஞ்சு வினையின் பிள்ளைகள். இடையில் எனப் பொருள்படும் ஒரு முன்னொட்டும், எடுத்தல் எனப் பொருள்படும் வினையும் சேர்ந்து, ஒரு காரியத்தைக் கையிலெடுப்பதைக் குறித்தன. அப்படியிருக்க ஒன்று ‘என்டர்’ என்றும் மற்றது ‘ஆன்ட்ர’ என்றும் ஏன் ஒலிக்க வேண்டும்? வந்த காலம் வேறு. என்டர்பிரைஸ் 15ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் புகுந்து, எழுத்து, ஒலி, அழுத்தம் மூன்றிலும் ஆங்கிலச் சொல்லாகவே மாறிவிட்டது. ஆன்ட்ரப்ரனர் 19ஆம் நூற்றாண்டில்தான் ஆங்கிலத்தில் நிலைத்தது. பொருளியலில் இந்தச் சொல்லுக்குக் கனம் கொடுத்தவர் ரிச்சர்ட் கன்டில்லோன். அவர் மறைந்த பின் 1755இல் வெளியான பிரெஞ்சு நூல் அதைச் செய்தது. அடுத்து ழான்-பத்தீஸ்த் சே 1803இல் அதைக் கையாண்டார். சேயின் நூலை 1821இல் ஆங்கிலமாக்கிய பிரின்செப், இதற்கு நேரான ‘அண்டர்டேக்கர்’ அதற்குள் வேறு குறுகிய பொருளில் சிக்கிக்கொண்டதால் ‘அட்வென்சரர்’ என்று போட்டார். அண்டர்டேக்கர் என்றால் ஈமச்சடங்கு நடத்துபவர். பிறகு எந்த முதலாளி அந்தப் பெயரை ஏற்பார்?

இப்படித் தாமதமாக வந்த சொல் என்பதால்தான் பிரெஞ்சு எழுத்துக்கூட்டும் கடைசி அசை அழுத்தமும் கரையாமல் நிற்கின்றன.

படி 2: அசைகளை எண்ணுதல்

ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. எழுத்தில் எத்தனை உயிர் இருக்கிறது என்பது கணக்கல்ல, காதில் எத்தனை விழுகிறது என்பதே கணக்கு. இந்தச் சொல்லில் உயிரெழுத்து ஐந்து: நான்கு இ, ஒரு யூ. கடைசி இ-யும் யூ-வும் சேர்ந்து ஒரே ஒலி. ஆக நான்கு அசை.

யாப்பிலக்கணம் படித்தவர்கள் இங்கே ஒரு எச்சரிக்கை கொள்ள வேண்டும். யாப்பின் அசையும் ஒலியியலின் அசையும் ஒன்றல்ல. ‘பல’ என்பது யாப்பில் ஒரே நிரையசை. ஒலியியலில் ப, ல என்று இரண்டு அசை. ஆங்கில அகராதி பேசுவது இந்த இரண்டாவது வகையைத்தான். நேர், நிரை போட்டுப் பார்த்தால் ட்ர-வும் ப்ர-வும் ஒன்றாகக் கட்டுண்டு மூன்று அசையாகத் தோன்றலாம்.

எண்ணிக்கை ஐந்தாக ஏறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. கடைசியை நி-யூர் என்று உடைப்பது ஒன்று. ப்ர-வுக்கு நடுவே ஓர் இகரத்தைச் செருகி பி-ர ஆக்குவது மற்றொன்று. பிந்தியது நம் மொழியின் பழைய பழக்கம். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வரத் தமிழ் இடம் தராது. அதனால் ப்ரதமர் பிரதமர் ஆனார், க்ராமம் கிராமம் ஆனது. எழுத்தில் அது அழகு. இந்தச் சொல்லின் நடுவிலோ அந்த ஓர் இகரம் தாளத்தையே உடைத்துவிடும். விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். ஐந்தாவது தட்டு விழுந்தால் எங்கோ ஓர் உயிர் கூடுதலாகப் புகுந்திருக்கிறது.

படி 3: எங்கே வெட்டுவது

ஆங்கிலத்தின் விதி இதுதான்: இரண்டு உயிர்களுக்கு நடுவே மெய்கள் நின்றால், அவற்றில் எத்தனை சேர்ந்து ஓர் ஆங்கிலச் சொல்லைத் தொடங்க முடியுமோ அத்தனையும் அடுத்த அசைக்குப் போகும். மிச்சம் முந்தைய அசையை மூடும்.

முதல் உயிருக்கும் இரண்டாம் உயிருக்கும் நடுவே ன், ட், ர் என்று மூன்று மெய்கள். ன்ட்ர என்று எந்த ஆங்கிலச் சொல்லும் தொடங்காது. ட்ர என்று தொடங்கும்: ட்ரெயின், ட்ரக், ட்ரை. எனவே ன் மட்டும் பின்தங்கி முதல் அசையை மூடுகிறது. ட்ர இரண்டாம் அசையைத் தொடங்குகிறது. வெட்டு: ஆன் | ட்ர.

அடுத்த இடத்தில் ப், ர். ப்ர என்று தொடங்கும் சொற்கள் ஏராளம்: ப்ரைஸ், ப்ராஜெக்ட், ப்ரெஸ். இரண்டும் ஒன்றாகவே அடுத்த அசைக்குப் போகின்றன. வெட்டு: ட்ர | ப்ர. இதில்தான் தமிழ்க் கண் தவறுகிறது. ‘ட்ரப்’ என்று ப்-ஐ முன்பக்கம் ஒட்டினால் அந்த அசை மூடிக்கொண்டு கனம் ஏறிவிடும். கனம் ஏறிய அசை காதுக்கு அழுத்தம் பெற்றதுபோல் கேட்கும். ஆனால் அங்கே அழுத்தம் இருக்கவே கூடாது.

மூன்றாவது இடத்தில் ஒரே மெய், ன். அது கடைசி அசையின் தொடக்கம். வெட்டு: ப்ர | னஅ.

என்டர்பிரைஸுக்கு இதே விதியைப் போட்டுப் பாருங்கள்: என்-ட(ர்)-ப்ரைஸ். மூன்றே அசை, எடை முன்னால். இரண்டின் தாளமும் நேரெதிர் என்பது இப்போது தெரியும்.

படி 4: ஒவ்வோர் அசையும்

*ஆன்.* சுவிட்ச் போடும் ‘ஆன்-ஆஃப்’ இல் வரும் அதே ஆன். பிரிட்டனில் உதடு சற்றுக் குவிந்து, ஆ-வுக்கும் ஒ-வுக்கும் நடுவே குறுகிய ஒலியாக வரும். அமெரிக்காவில் உதடு குவியாமல் வாய் திறந்து, சற்று நீண்டு வரும். பிரெஞ்சில் இந்த இடத்தில் ன் என்ற மெய்யே கிடையாது. உயிரொலியே மூக்கு வழியாகப் போகும். ஆங்கிலத்தில் மூக்குயிர் இல்லாததால் கிட்டத்தட்ட ஓர் உயிரையும் பக்கத்தில் ஒரு ன்-ஐயும் வைத்துச் சமாளித்துவிட்டார்கள். ஆகவே ஆங்கில வாக்கியத்தின் நடுவே மூக்கொலி எழுப்பிப் பிரெஞ்சுக்காரராகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் அதை பிரெஞ்சு பேசும்போது வைத்துக்கொள்ளலாம்.

*ட்ர.* அதிகம் உழைக்க வேண்டிய அசை இதுதான். இரண்டு பொறிகள் இருக்கின்றன.

ஒன்று, நாக்கு தொடும் இடம். தமிழ் ட்-க்கு நாக்கு நுனி பின்னோக்கி வளைந்து மேலண்ணத்தைத் தொடும். ஆங்கில டி-க்கு நுனி மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால் உள்ள மேட்டைத்தான் தொடும். ன் சொல்லும்போது நாக்கு நிற்பது அதே மேட்டில். எனவே ஆன் என்று முடித்ததும் நாக்கை நகர்த்தாதீர்கள். இருந்த இடத்திலேயே அழுத்திப் பிடித்து விடுங்கள். நகர்த்தினால் ன் ண் ஆகி, ‘ஆண்ட்ர’ என்று வந்துவிடும். இலங்கைத் தமிழர்களுக்கு இந்த இடம் ஏற்கெனவே பழக்கம். ‘வெற்றி’, ‘காற்று’ என்னும்போது அவர்கள் ஒலிக்கும் ற்ற, பின்னால் ரகரச் சாயல் இல்லாமல் அந்த மேட்டிலேயே பிறக்கிறது. டொரன்டோவை அவர்கள் ரொறன்ரோ என்றும், இன்டர்நெட்டை இன்ரநெற் என்றும் எழுதுவதன் பின்னணி அதுதான்.

இரண்டாவது பொறி குரல். தமிழில் மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம் தானாகவே குரலொலி ஆகிவிடும்: பந்து, வண்டி, அம்பு, பங்கு. இதே பழக்கத்தில் ன்-க்குப் பின் வரும் ட், ‘டிரம்’ என்ற வாத்தியத்தின் தொடக்க ஒலிபோல மெலிந்துவிடும். சோதனை எளிது. தொண்டையில் இரண்டு விரல் வைத்துக்கொள்ளுங்கள். ன் ஒலிக்கும்போது அதிர்வு தெரியும். ட்ர-வின் ட்-இல் அது ஒரு கணம் நின்று மீண்டும் தொடங்க வேண்டும். நிற்காமல் ஓடினால் பொறியில் விழுந்திருக்கிறீர்கள்.

ட்-உம் ர்-உம் மிக நெருங்கி வருவதால், இயல்பான ஆங்கிலப் பேச்சில் ட்ர கொஞ்சம் ‘ச்ர’ போலவே கேட்கும். அது பிழையல்ல. அந்தப் பக்கம் சாய்வது தமிழ் ட்-ஐ அழுத்திச் சொல்வதைவிடப் பல மடங்கு மேல்.

*ப்ர.* ட்ர-வின் இரட்டை. இரண்டு அசையிலும் உயிர் ஒன்றே: அரை மனதோடு சொல்லும் அ. எழுத்தில் இ என்ற எழுத்து இருக்கிறதே என்று ‘ட்ரெ’, ‘ப்ரீ’ என்று தெளிவாக்காதீர்கள். ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாத அசையின் உயிர் நிறமிழந்து நடுவாய்க்கு வந்துவிடும். மங்கலாகச் சொல்வது சோம்பல் அல்ல, இலக்கணம். குற்றியலுகரம் அரை மாத்திரையாகக் குறுகுவதை ஏற்கும் தமிழ்க் காதுக்கு இது புதிதல்ல.

இந்த அசையிலுள்ள ர் அமெரிக்கப் பேச்சில் பலமுறை விழுந்துவிடும்: ஆன்-ட்ர-ப-னஅர். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இந்த ர் ஒலியை விருப்பத்துக்குரியதாகவே அடைப்புக்குறிக்குள் காட்டுகிறது. ஒரே சொல்லில் மூன்று ர் நெருங்கி வந்தால் நாக்கு ஒன்றைக் கழற்றிவிடும். ‘சர்ப்ரைஸ்’ என்பதை அமெரிக்கர் பலர் ‘சப்ரைஸ்’ என்பதும் இதனால்தான். கற்பவர்கள் முதலில் ர்-ஐ வைத்தே பழகுங்கள். வேகத்தில் அது தானாக விழுந்தால் விழட்டும்.

*னஅ.* சொல்லின் உயிர்நாடி. நர்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து கடைசி ஸ்-ஐ உருவிவிட்டால் எஞ்சுவது எதுவோ அதுவே இந்த அசை, பிரிட்டனிலும் சரி, அமெரிக்காவிலும் சரி. ஆனால் நாம் சொல்லும் நர்ஸ் அல்ல. நாம் குறில் அ-வைச் சொல்லி ர்-ஐ ஒருமுறை தட்டிவிடுகிறோம். பிரிட்டிஷ் நர்ஸில் ர் ஒலியே இல்லை. நடுவாய் உயிர் நீள்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்க வடிவத்துக்குத் தமிழில் ஓர் உதவி இருக்கிறது: ழ். அமெரிக்க ர் நாக்கைத் தட்டுவதில்லை. எதையும் தொடாமல் உள்ளே இழுத்து நிறுத்துகிறது. ழகரம் சுத்தமாக வருபவர்கள் ‘னழ்’ என்று சொல்லி, நாக்கு மடிப்பைப் பாதியாகக் குறைத்தால் இலக்குக்கு மிக அருகில் வந்துவிடுவார்கள். தட்டும் ர்-ஐ விட ழ் நன்றாகவே கேட்கும்.

‘நியூர்’ என்று யகரம் சேர்ப்பதைப் பற்றி: அமெரிக்க அகராதிகளில் அப்படியொரு மாற்று வடிவமும் இடம்பெறுகிறது. ஆகவே தலைபோகிற பிழை அல்ல. ஆனால் நம் வாயில் அது நி-யூர் என்று இரண்டு அசையாக உடையும் அபாயம் அதிகம். அதனாலேயே தவிர்ப்பது நல்லது.

படி 5: அழுத்தமும் தாளமும்

நான்கு அசைக்கும் எடை இப்படிப் பகிரப்படுகிறது: ஆன் நடுத்தரம், ட்ர மெலிவு, ப்ர மெலிவு, னஅ முழு எடை. தவிலில் சொன்னால் தோம்-த-த-தோம். அழுத்தம் என்றால் சத்தம் போடுவது மட்டுமல்ல. அழுத்தம் பெறும் அசை நீளும், சுருதி அங்கே மாறும், உயிர் தெளியும். மூன்றில் நீளம்தான் நமக்கு எளிதாகக் கைவருவது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கைபேசியில் மெட்ரோனோம் செயலி ஒன்றை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வையுங்கள். முதல் தட்டில் ஆன், அடுத்த தட்டில் னஅ. நடுவிலுள்ள ட்ர-ப்ர இரண்டும் எந்தத் தட்டிலும் விழாமல் இடைவெளியில் நுழைந்து போக வேண்டும். பிசகாமல் வந்தபின் 80, பிறகு 100, கடைசியில் 120. 120இல் இரண்டு தட்டுக்கும் நடுவே அரை விநாடிதான். அது ஏறக்குறைய இயல்பான பேச்சு வேகம். வேகம் கூடும்போது நடு அசைகள் மட்டுமே நெருக்கப்பட வேண்டும். நான்கும் சம அளவில் சுருங்கினால் 80க்குத் திரும்புங்கள்.

படி 6: வாலிலிருந்து கட்டுதல்

முன்னாலிருந்து தொடங்கிப் பழகினால் மூச்சும் கவனமும் முதல் அசையிலேயே செலவாகி, கடைசி அசை தேய்ந்துவிடும். எனவே தலைகீழாகக் கட்டுங்கள்:

1. னஅ, பத்து முறை. நீளமும் நாக்கின் இருப்பும் நிலைக்கட்டும்.
2. ப்ர-னஅ, பத்து முறை. ப்ர ஒரு நொடித்துணுக்கு போதும்.
3. ட்ர-ப்ர-னஅ, பத்து முறை. இகரம் நுழைகிறதா என்று கவனியுங்கள்.
4. ஆன்-ட்ர-ப்ர-னஅ, இருபது முறை. தொண்டை அதிர்வுச் சோதனையை இங்கே செய்யுங்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் கடைசியாக வாயில் நிற்பது எடையுள்ள அசை. அதுதான் இந்த முறையின் பலன். மூன்றாம் கட்டத்தில் தடுமாறினால் நான்காவதுக்குப் போகாமல், அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுவதே நல்லது. தவறான வடிவத்தை இருபது முறை சொன்னால் அதுதான் பதியும்.

பிறகு பதிவு செய்து, பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேளுங்கள். அகராதித் தளத்தின் ஒலியை அடுத்து ஓடவிட்டு ஒப்பிடுங்கள். பிரிட்டிஷ், அமெரிக்க வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். குரல்வழித் தட்டச்சு சொல்லைச் சரியாக எழுதிவிட்டது என்பதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். அது பக்கத்துச் சொற்களை வைத்து ஊகிக்கும்; நீங்கள் என்டர்பிரனர் என்றாலும் பெருந்தன்மையோடு திருத்திக்கொள்ளும்.

வாக்கியத்துக்குள் வரும்போது

பன்மையில் கடைசி ஒலி ஸ் அல்ல. குரல் சேர்ந்த ‘ஃஸ்’, ‘ஜூ’ என்ற மிருகக்காட்சிசாலையின் முதல் ஒலி. தொண்டை அதிர்வு கடைசிவரை தொடர வேண்டும்.

பிரிட்டிஷ் முறையில் கடைசி ர் தனியே ஒலிக்காது என்றோம். ஆனால் அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அது உயிர்த்தெழும். ‘இஸ்’ வந்தால் ஆன்-ட்ர-ப்ர-னஅ-ரிஸ். ‘வாஸ்’ வந்தால் ர் இல்லை. இந்தியத் தமிழர்கள் எல்லா இடத்திலும் ர்-ஐ ஒலிப்பது வழக்கம். அதனால் பொருள் கெடுவதில்லை. தட்டு மட்டும் மென்மையாக இருக்கட்டும்.

இன்னொரு நுட்பம்: இந்தச் சொல்லுக்கு உடனே பின்னால் முன்னசையில் அழுத்தம் கொண்ட வேறொரு பெயர்ச்சொல் வந்தால், ‘ஆன்ட்ரப்ரனர் விசா’ போல, எடை முதல் அசைக்குத் தாவுவதுண்டு: ஆன்-ட்ர-ப்ர-னஅ வீ-சா. இரண்டு கனமான அசை அடுத்தடுத்து மோதுவதை ஆங்கிலம் விரும்பாது. ‘ஆஃப்டர்நூன்’ என்று தனியே சொன்னால் எடை நூன் மீது. ‘ஆஃப்டர்நூன் டீ’ என்றால் முன்னுக்கு வரும். இதைக் கேட்டுவிட்டு அழுத்தம் முதல் அசையில்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

வழிச்சொற்கள்

‘ஷிப்’ சேர்ந்தால் ஐந்து அசை. அழுத்தம் இடம் மாறாது: ஆன்-ட்ர-ப்ர-னஅ-ஷிப். ‘ஷிப்’ மீது எடை போடுவது மேடைப் பேச்சில் மிகப் பரவலான பிழை.

‘இயல்’ சேர்ந்து பெயரடையானால் ஆறு அசை: ஆன்-ட்ர-ப்ர-னஅ-ரி-யல். இதில் ர் உயிருக்கு முன் வருவதால் பிரிட்டனிலும் கட்டாயம் ஒலிக்கும். அதுவும் அடுத்த அசையின் தொடக்கமாக.

நிறுவனத்துக்கு உள்ளேயே புதுமுயற்சி எடுப்பவருக்கு ‘இன்ட்ரப்ரனர்’ என்ற சொல்லை கிஃபர்ட் பின்ஷோவும் எலிசபெத் பின்ஷோவும் 1978இல் உருவாக்கினார்கள். முதல் அசை மட்டும் இன், மற்றதெல்லாம் அப்படியே. தனியாள் தொழிலுக்கு வந்த ‘சோலோப்ரனர்’ போன்ற புதுச் சொற்களிலும் ப்ர-னஅ வால் மாறவில்லை. வாலை ஒருமுறை பழகிவிட்டால் இவை இலவசம்.

அச்சில் வரி முறிக்கும்போது

அகராதி தரும் பிரிப்பு 2-3-3-4 அடுக்குதான். வரி முடிவில் எங்கே வெட்டலாம் என்று கேட்டால், இரண்டாம் அடுக்குக்குப் பின் வெட்டுவதே கண்ணுக்கு இதம். அங்கே முன்னொட்டும் வினைப்பகுதியும் பிரிகின்றன. முதல் அடுக்குக்குப் பின் வெட்டினால் வரியின் ஓரத்தில் இரண்டே எழுத்து தொங்கும். அச்சுப் பக்கம் அமைக்கும் டெக் மென்பொருளில் ஆங்கிலத்துக்கான இயல்பமைப்பு இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் மூன்று எழுத்து குறைந்தபட்சம் என்பதால் அது தடுக்காது. நீங்கள்தான் தடுக்க வேண்டும். வழிச்சொற்களில் மூலச் சொல்லை முழுதாக விட்டு ஒட்டுக்கு முன் வெட்டுவது பாதுகாப்பு.

இதே முறை செல்லும் சொற்கள், செல்லாத சொற்கள்

இ-யூ-ஆர் என்று முடியும் பிரெஞ்சுச் சொற்களில் பெரும்பாலானவை கடைசி அசையில் எடை கொள்ளும். கலையோ மதுவோ ரசிக்கத் தெரிந்தவருக்கான சொல் கா-ன-ஸஅ; நடுவில் எழுதியிருக்கும் ஓ-ஐ-யைப் பார்த்து ‘காய்’ என்று சொல்லக் கூடாது. நாசவேலைக்காரர் ஸா-ப-டஅ. உணவக உரிமையாளர் ரெஸ்-ட-ர-டஅ. நம் சொல்லின் அதே நான்கசைத் தாளம், பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. ரெஸ்டாரன்டில் இருக்கிறதே என்று அதில் ன் சேர்ப்பவர்கள் அதிகம். எழுத்திலும் ஒலியிலும் அங்கே ன் கிடையாது. கார் ஓட்டுநரான ஷோஃபர் அமெரிக்காவில் ஷோ-ஃபஅர். பிரிட்டனில் முதல் அசைக்கு எடை தருவதும் வழக்கம்.

விலகுபவை: அமெச்சூர் என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் எடை முதல் அசையில், கடைசி அசை மங்கிய டர் அல்லது சர். கம்பீரத்தைக் குறிக்கும் கிராண்ஜர் முதல் அசையில் எடை கொண்டது. இனிப்பு மதுவான லிக்யூரில் எடை கடைசியில்தான், பிரிட்டனில் மட்டும் ஒலி விலகும்: அமெரிக்காவில் லி-கஅர், பிரிட்டனில் லி-க்யூஅ. சாதாரண மதுவைக் குறிக்கும் லி-க்கர் இதிலிருந்து பிரிவது எடையால்தான்; இடம் மாறினால் விருந்தில் வேறு பாட்டில் வரும்.

தொடக்கத்தில் ‘ஆன்’ என்று ஒலிக்கும் சொற்களுக்கும் வந்த காலமே பெரும்பாலும் அளவுகோல். குழுவாக இசைப்பதைக் குறிக்கும் ஆன்-ஸாம்-பல், மீண்டும் பாடக் கேட்கும் ஆங்-கோர், போகும் வழியில் எனும் ஆன்-ரூட், பரிவாரமான ஆன்டுராஜ் ஆகியவற்றில் பிரெஞ்சுச் சாயல் நிற்கிறது. என்டர், என்கரேஜ், என்டர்டெயின் போன்றவை இடைக்காலத்திலேயே வந்து என் ஆகிவிட்டன. கடித உறைக்கு என்-வலோப், ஆன்-வலோப் இரண்டும் இன்றும் வழக்கில் இருக்கின்றன. எதைச் சொன்னாலும் தபால்காரர் வாங்கிக்கொள்வார்.